பழைய பென்ஸில் பிரேக் பிடித்துக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1996-ஆம் வருடத்து இ220 ஒன்று இருக்கிறது. வண்டிப் பைத்தியங்கள் டபிள்யூ124 என்று சொல்லும் பெட்டி வடிவ பென்ஸ். ஜெர்மனியில் 1984 கடைசியில் வந்த மாடல். மெர்சிடிஸ் 1995-இல் புனேயில் அசெம்பிள் செய்து இந்தியாவில் விற்க ஆரம்பித்த முதல் காரும் இதுதான். என் வண்டி நிற்பது சென்னையில், கடற்காற்று நேராக வந்து அடிக்கும் தெருவில். பத்து வருடத்தில் அதன் நான்கு கேலிப்பரும் ஒரு தடவையாவது ஜாம் ஆகிவிட்டன. கேலிப்பர் என்பது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேடு என்ற கட்டைகளால் கவ்வி நிறுத்தும் பாகம். பேடைத் தள்ளுவது, ஆயில் அழுத்தத்தில் நகரும் பிஸ்டன் என்ற உருளை. அந்த அனுபவத்தால், பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பிரேக் பிடித்துக்கொண்டால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

விவரங்கள் டபிள்யூ124-ஐ வைத்து எழுதியவை. டிஸ்க் பிரேக் உள்ள மற்ற பழைய கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத சில வண்டிகளைப் பற்றிக் கடைசிப் பக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

கேலிப்பர் ஜாம் ஆகிவிட்டது என்று ஓட்டும்போதே தெரியுமா?

தெரியும், ஆனால் மெதுவாகத்தான் தெரியும். முதலில் வண்டி கொஞ்சம் கனமாகப் போவது போல இருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் முன்பு தானாக உருண்ட தூரம் உருளாது. மைலேஜ் குறையும். அப்புறம் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், ஏனென்றால் என்ஜின் சத்தமில்லாமல் கூடுதலாக இழுத்துச் சமாளித்துவிடும். கடைசியில் சிக்னலில் நிற்கும்போது கருகிய வாடை வரும். பக்கத்து லாரியின் கிளட்ச் வாடை என்று நான் ஒரு தடவை நம்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரத்திலிருந்து புகை.

வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிரேக்கில் கால் வைக்காதபோதே இழுத்தால், இழுக்கும் பக்கம்தான் பிடித்திருக்கிறது. பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் கேலிப்பர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். அதுவும் ஜாம்தான். விடாமல் பிடிப்பது ஒரு ஜாம் என்றால், பிடிக்கவே மறுப்பது இன்னொன்று. இரண்டாவதில் புகையும் இல்லை, வாடையும் இல்லை என்பதால் ஆபத்து அதிகம்.

வீட்டிலேயே உறுதி செய்ய முடியுமா?

முடியும். பத்து கிலோமீட்டர் போல, முடிந்தவரை பிரேக்கை அழுத்தாமல் ஓட்டி வந்து நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். துப்பாக்கி வடிவ வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அது இங்கே உதவாது. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும் செய்தது. பட்டறைக்கென்று விற்பதை வாங்குங்கள். ஒரே அச்சின் வலது, இடது சக்கரங்களை ஒப்பிட வேண்டும். முன் சக்கரம் பின் சக்கரத்தை விடச் சூடாக இருப்பது இயல்பு.

வீல் கேப் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது பழைய டிரைவர்களின் வழி. ஒரு சொட்டுதான். கொதிக்கும் டிஸ்க்கில் வாளித் தண்ணீரை ஊற்றினால் டிஸ்க் விரிசல் விடும் அல்லது கோணிக்கொள்ளும்.

குற்றவாளி கேலிப்பர்தானா, வேறு ஏதாவதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். என் முதல் ஜாமுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் புதுக் கேலிப்பர் போட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அதே சக்கரம், அதே புகை. கடைசியில் பார்த்தால் கெட்டுப்போயிருந்தது, கேலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும், அதன் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத ரப்பர் ஹோஸ். பழைய கேலிப்பரைப் பழைய இரும்புக்காரர் அதற்குள் கொண்டுபோயிருந்தார்.

பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் முட்டுக் கொடுத்துவிட்டு, கேலிப்பரில் உள்ள ஏர் நிப்பிளை (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் சீறி வந்து சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். அப்படியானால் கேலிப்பர் நிரபராதி. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அப்படியே இறுகியிருந்தால் சிக்கல் கேலிப்பரிலோ, பேடிலோ, பின் சக்கரமாக இருந்தால் பார்க்கிங் பிரேக்கிலோ இருக்கிறது.

அழுத்தம் மாட்டியிருந்தது என்றால் அடுத்த சோதனை. நிப்பிளை மூடி, பிரேக்கை மிதித்து மறுபடி சக்கரத்தைப் பிடிக்க வையுங்கள். இப்போது ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். அங்கே விடுபட்டால் கோளாறு மேலே, மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே தளர்த்தியும் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் ஹோஸ்தான். வயதான ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஒருவழிப் பாதை ஆகிவிடும். போகும்போது ஆயிலைத் தள்ளுவது உங்கள் காலின் பலம். திரும்பி வரும்போது தள்ளுவதற்கு ஒரு சின்ன ரப்பர் சீலின் சுருக்கம் மட்டுமே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும்.

டபிள்யூ124-இல் முன் இரண்டு சக்கரமும் ஒரு சர்க்யூட் (ஆயில் போகும் தனிப் பாதை), பின் இரண்டும் இன்னொன்று. எனவே முன் இரண்டும் சேர்ந்து பிடித்தால், இரண்டு கேலிப்பரும் ஒரே நாளில் சொல்லி வைத்துக் கெட்டன என்று நம்பாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் நுண்துளை அடைத்திருக்கலாம், அல்லது பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம்.

சரி, கேலிப்பர் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. அதில் எது?

பேடைக் கழற்றிப் பாருங்கள், பேடு கதை சொல்லும். டபிள்யூ124-இன் பெரும்பாலான மாடல்களில் முன் கேலிப்பர் மிதக்கும் வகை: ஒரே பிஸ்டன், உள்பக்கம். பிஸ்டன் உள் பேடை அழுத்த, மொத்தக் கேலிப்பரும் பின்கள் என்ற இரண்டு இரும்புத் தண்டுகளின் மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துக்கொள்ளும். இதில் உள் பேடு மட்டும் தேய்ந்து வெளிப் பேடு புதுசு போல இருந்தால் பின்கள் இறுகியிருக்கின்றன. பேடு ஆப்பு மாதிரி சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கிறது. இரண்டு பேடும் சமமாக, ஆனால் அநியாயமாகத் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை.

பின் சக்கரக் கேலிப்பர் அசையாத வகை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிஸ்டன். ஒரு பேடு தேய்ந்து மற்றது அப்படியே இருந்தால், ஒரு பிஸ்டன் மட்டும் ஜாம்.

நகரும் பின்கள்தான் இறுகியிருக்கின்றன என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கழற்றி, சுத்தம் செய்து, புது ரப்பர் உறையும் சரியான கிரீஸும் போட்டால் வேலை முடிந்தது. சில சமயம் பின்கள், பிஸ்டன் எல்லாமே நன்றாக இருக்கும். பேடு உட்காரும் தடத்தில் துரு ஏறி, பேடு நகர முடியாமல் மாட்டியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

வண்டியை நான் ஓட்டவே இல்லையே, எப்படிக் கெடும்?

ஓட்டாததால்தான். 2020 ஊரடங்கில் கவர் போட்டுப் பத்திரமாக நிறுத்திய வண்டிகள், திறந்தபோது கல் மாதிரி நின்றன. அந்த வருடம் எனக்கு வந்த போன்களைக் கொண்டு சொல்கிறேன், தினம் ஓடும் டாக்ஸியை விட மாதம் ஒரு தடவை எடுக்கும் சொகுசுக் காரில்தான் இது அதிகம்.

காரணம் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. உள்ளே பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், நாம் போடும் டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஹோஸின் ரப்பர் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். கேலிப்பர், குழாயின் கடைசி முனையில் தாழ்வான இடத்தில் இருக்கிறது. அங்குள்ள ஆயில் பெரிதாக எங்கும் ஓடுவதும் இல்லை. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் பிஸ்டனைச் சுற்றித் துரு பிடிக்கும்.

வெளியே தூசு உறை. பிஸ்டனின் வெளி நுனியைப் போர்த்தியிருக்கும் இந்த ரப்பரில் ஒரு சின்னக் கிழிசல் போதும். மழைத் தண்ணீரும் உப்புக் காற்றும் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அச்சு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகளில், என்ஜினைக் காப்பாற்றியவர்கள் பலர் பிரேக்கை மறந்துபோனார்கள். அடுத்த கோடையில் ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தது.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அப்படி வெளியே நீட்டிய பகுதியில்தான் துரு ஏறும். புதுப் பேடு போடும்போது மெக்கானிக் பிஸ்டனை உள்ளே அமுக்குவார். துருப்பிடித்த பகுதி நேராகச் சீலுக்குள் போய்விடும். "நேத்துதான் சார் புதுப் பேடு போட்டேன், இன்னைக்குப் பிடிச்சுக்கிச்சு" என்று வருபவர்கள் பேடு சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். பேடு பாவம்.

பிரேக்கை விட்டதும் பிஸ்டன் எப்படித் திரும்புகிறது? ஸ்பிரிங் போய்விட்டதா?

ஸ்பிரிங்கே கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டு உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பிரேக் அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். விட்டதும் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னுக்கு இழுக்கும். அவ்வளவுதான் மொத்த ஏற்பாடு. ஒரு விரல் நுனித் துருவுக்குக்கூட இந்தச் சின்ன இழுப்பு ஈடுகொடுக்க முடியாது.

புகை வந்துவிட்டது. மெதுவாக வீடு வரை ஓட்டிப் போய்விடலாமா?

வேண்டாம். நின்று ஆறவிடுங்கள். புது டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரி செல்சியஸாவது வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155-க்கு இறங்கிவிடுகிறது. பிடித்துக்கொண்ட சக்கரம் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இது தவிர வீல் பேரிங் கிரீஸ் உருகும், டயர் கெடும், அரிதாகத் தீயும் பிடிக்கும்.

நடு ரோட்டில் மாட்டிக்கொண்டால் நிப்பிளைத் தளர்த்தி அழுத்தத்தை விட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளலாம். ஓரம் கட்டத்தான் அது, ஓட்டிப் போக அல்ல. மிச்சத்துக்கு நான்கு சக்கரமும் மேலே ஏறும் வகை ரிகவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

சுத்தியால் தட்டி, டபிள்யூடி-40 அடித்தால் விட்டுவிடுமாமே?

விடும். ஒரு வாரம். ரப்பர் சுத்தியால் தட்டினால் துருவின் பிடி தற்காலிகமாக உடையும். டபிள்யூடி-40 போன்ற பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ரப்பருக்கு விஷம். சீலில் பட்டால் உப்பிவிடும். பேடிலும் டிஸ்க்கிலும் பட்டால் பிரேக்கே பிடிக்காது. போல்ட் கழற்ற வேறு இடத்தில் அடிக்கலாம், கேலிப்பருக்குள் கூடாது.

சீல் கிட் (புது ரப்பர் சீல், உறை அடங்கிய செட்) போதுமா, புதுக் கேலிப்பர் வாங்க வேண்டுமா?

பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். பலர் பயப்படுவது சிலிண்டரின் உள் சுவரில் உள்ள கறையைப் பார்த்து. அது அவ்வளவு முக்கியமில்லை. இந்தக் கேலிப்பர்களில் சீல், சுவரில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு பிஸ்டனின் மேல்தான் அழுத்துகிறது. ஆகவே பிஸ்டனின் மேற்பரப்பும் அந்தப் பள்ளமும் சுத்தமாக இருக்க வேண்டும். பிஸ்டன் பளபளவென்று இருந்தால் சீல் கிட் போதும். குரோம் உரிந்திருந்தால் புதுப் பிஸ்டன் வேண்டும். பள்ளமே அரித்துப்போயிருந்தால் கேலிப்பரை மாற்றுங்கள்.

டபிள்யூ124 உலகமெங்கும் லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் கிட்டும் பிஸ்டனும் இன்னும் கிடைக்கின்றன. சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். வாங்கும் முன் உங்கள் கேலிப்பர் ஆட்டேயா, கர்லிங்கா என்று அதன் உடம்பிலேயே வார்த்திருக்கும் பெயரைப் பாருங்கள். ஒரே மாடல் காரில் இரண்டு கம்பெனிக் கேலிப்பரும் வந்திருக்கின்றன. ஒன்றின் கிட் மற்றதில் உட்காராது. பிஸ்டன் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கேலிப்பர் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், உடம்புக்காக மட்டும். உங்களுடையது எத்தனை நாள் நின்றதால் கெட்டதோ, அது அதைவிட அதிக நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கும். சீல் கிட் போடாமல் மாட்டவே கூடாது.

பிஸ்டனை எப்படி வெளியே எடுப்பது?

காரின் பிரேக் மிதியை விட நல்ல கருவி கிடையாது. கேலிப்பரைக் கழற்றி, ஹோஸை மட்டும் விடாமல், கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு, உதவிக்கு ஒருவரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். எப்பேர்ப்பட்ட பிஸ்டனும் நகரும். கீழே ஒரு தட்டு வையுங்கள். பிஸ்டன் வந்ததும் ஆயில் கொட்டும்.

இரண்டு பிஸ்டன் உள்ள பின் கேலிப்பரில் சுலபமானது முதலில் ஓடி வந்துவிடும், இறுகியது அப்படியே நிற்கும். அதனால் நல்லதை ஒரு சி-கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு, இறுகியதை முதலில் நகர்த்துங்கள். வசதி என்று நினைத்து அந்தக் கேலிப்பரின் இரண்டு பாதிகளையும் பிரிக்காதீர்கள். நடுவில் ஆயில் போகும் வழிக்குச் சின்ன வளையம் இருக்கிறது, சாதாரணக் கிட்டில் அது வராது.

கம்ப்ரசர் காற்று அடித்து எடுப்பவர்கள் உண்டு. காற்று அமுங்கி நின்று ஒரே அடியாக விடும். பிஸ்டன் குண்டு மாதிரி வரும். விரலை நடுவில் வைத்திருந்தால் விரல் இல்லை. அவசியம் என்றால் மிகக் குறைந்த அழுத்தத்தில், கட்டை வைத்து, துணி சுற்றிச் செய்யுங்கள். பிளையர் போட்டுப் பிஸ்டனின் வெளிப்பக்கத்தைப் பிடித்துத் திருகினால், அந்தக் கீறல் வழியாக ஆயில் கசியும். அதற்குப் பிறகு பிஸ்டனைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிஸ்டனில் துருப் புள்ளிகள். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால்?

சீல் தொடாத வெளி நுனியில் என்றால் பரவாயில்லை. சீல் உரசும் இடத்தில் கூடாது. துரு போகும், கூடவே குரோமும் போகும், ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டன் கடைந்து தருகிறோம் என்பார்கள். கோயம்புத்தூரில் மிக நேர்த்தியாகச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பிஸ்டன் கடையில் கிடைக்கிற வண்டிக்கு இந்தச் சாகசம் எதற்கு? கிடைக்கவே கிடைக்காத மாடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவ பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம். பிரேக் கிளீனர் அல்லது புதுப் பிரேக் ஆயில். பேடுத் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

என்ன கிரீஸ் போடுவது?

பட்டறையில் டப்பாவில் இருக்கும் மஞ்சள் வீல் கிரீஸ் மட்டும் வேண்டாம். சீலையும் பிஸ்டனையும் பூட்டும்போது புதுப் பிரேக் ஆயில் அல்லது பிரேக் சிலிண்டர் பேஸ்ட். நகரும் பின்களுக்குச் சிலிக்கான் வகை அல்லது ரப்பருக்கென்றே வரும் சிவப்பு கிரீஸ். பேடின் முதுகில், காதுகளில் சூடு தாங்கும் பேஸ்ட்டை விரல் நுனியளவு. அள்ளி அப்பினால் டிஸ்க்கில் இறங்கும்.

ஏர் நிப்பிள் உடைந்துவிட்டால்?

உடையும் முன் யோசியுங்கள். தளர்த்துவதற்கு முன் ஒரு இம்மி இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி விடும். ஆறு முனை சாக்கெட் போடுங்கள், சாதாரண ஸ்பேனர் முனையை மழித்துவிடும். துரு எண்ணெயை வெளிப்பக்கம் அடித்து ஓர் இரவு விடலாம். எப்படியும் சீல் கழற்றப் போகிறீர்கள் என்றால் கேலிப்பரைக் கழற்றி அந்த இடத்தைச் சூடாக்கலாம். உடைந்தேவிட்டால் துளை போட்டு எடுக்க நல்ல லேத் ஆள் வேண்டும்.

இடது பக்கம் மட்டும்தான் ஜாம். வலதையும் பிரிக்க வேண்டுமா?

ஆமாம். இரண்டும் ஒரே வயது, ஒரே மழை, ஒரே ஆயில். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது இழுக்கும். ஹோஸும் ஜோடியாகத்தான். பேடு பற்றிக் கேட்கவே வேண்டாம்.

டிஸ்க் நீலமாகிவிட்டது. மாற்ற வேண்டுமா?

நீலம் என்றால் கடுமையாகச் சூடாகியிருக்கிறது. விரிசல் இருந்தாலோ, பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினாலோ மாற்றுங்கள். எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் சீவி மறுபடி போடுவது காசு மிச்சமில்லை. சூட்டில் கருகிய பேடு தடிமனாக இருந்தாலும் தூக்கி எறியுங்கள், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். முன் பேடில் தேய்மானத்தைச் சொல்லும் சென்சார் ஒயர் உண்டு. அதையும் புதுசாக வாங்கிவிடுங்கள்.

பின் சக்கரம் பிடித்திருக்கிறது, ஆனால் கேலிப்பரில் ஒன்றுமில்லையே?

பார்க்கிங் பிரேக்கைப் பாருங்கள். டபிள்யூ124-இல் பின் டிஸ்க்கின் நடுவே ஒரு சின்ன டிரம், அதற்குள் தனி ஷூ. கேலிப்பருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாதக்கணக்கில் பார்க்கிங் பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது கேபிள் துருப்பிடித்துத் திரும்பாது. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் ஆட்டோமேட்டிக்கில் பி, மேனுவலில் கியர், சக்கரத்துக்குக் கட்டை. பார்க்கிங் பிரேக் வேண்டாம்.

ஏர் எடுக்கும்போது (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது) என்ன கவனிக்க வேண்டும்?

பழைய வண்டியில் மிதியைத் தரை வரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் தினமும் போகாத ஆழத்தில் துருவும் கசடும் இருக்கும். ஏர் எடுக்கும் சாக்கில் சீல் அங்கே போய்க் கிழிந்துவிடும். கேலிப்பர் சரி செய்ததும் மாஸ்டர் சிலிண்டர் போன கதைகள் எல்லாம் பெரும்பாலும் இதுதான். மிதிக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள்.

பிஸ்டனை உள்ளே அமுக்கும்போது நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விடுங்கள். இல்லையென்றால் அந்தக் கசடு மேலே ஏபிஎஸ் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியின் விலை கேட்டால் தூக்கம் வராது. ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

ஆயில் டாட் 4. திறந்து வைத்த டப்பாவில் மிச்சம் இருப்பதை ஊற்றாதீர்கள், அது ஏற்கனவே ஈரம் குடித்திருக்கும். டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான், இந்த வண்டிக்கு வேண்டாம். டாட் 5.1 வேறு, அது கிளைக்கால். பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

என்னிடம் இருப்பது பென்ஸ் இல்லை. இதே முறைதானா?

பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6 என்றால், முதல் மூன்று சீரிஸ் வரை பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. நடுவே, என்ஜின் சுழற்சியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் பெட்டியை ஒட்டி இருக்கும். காற்று படாத, சூடான இடம். டிஃபரென்ஷியல் ஆயில் கசிந்து பேடில் ஏறுவதும் உண்டு. சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்து எதுவும் தெரியாது, கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரோல்ஸ்ராய்ஸ் என்றால் டப்பாவைத் திறக்கும் முன் மேனுவலைத் திறங்கள். சில்வர் ஷேடோவில் கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில். 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டிலிருந்து மினரல் ஆயில். ஒன்றில் மற்றதை ஊற்றினால் வண்டி முழுக்க உள்ள ரப்பர் அத்தனையும் போச்சு.

பென்ஸிலேயே பிற்பாடு வந்த டபிள்யூ211 இ-கிளாஸின் ஆரம்ப வருட வண்டிகளில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. கதவைத் திறந்தாலே, ரிமோட்டை அழுத்தினாலே பம்ப் தானாக அழுத்தம் கொடுக்கும். கேலிப்பரில் கை இருக்கும்போது அது நடந்தால் எலும்பு நொறுங்கும். கம்ப்யூட்டர் மூலம் அதைச் செயலிழக்கச் செய்யாமல் பேடைக்கூடக் கழற்றக் கூடாது. மின்சார பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிகளுக்கும் சர்வீஸ் மோடு போட வேண்டும். சில வண்டிகளில் பின் பிஸ்டனை அமுக்கக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் நானே செய்யலாமா?

கண்டுபிடிக்கும் வேலையைக் கட்டாயம் நீங்களே செய்யுங்கள், அல்லது பக்கத்தில் நின்று பாருங்கள். கேலிப்பர் பின்களைச் சுத்தம் செய்வது, பேடு மாற்றுவது பழக்கமுள்ள கை என்றால் வீட்டிலேயே முடியும். சீல் மாற்றி ஏர் எடுப்பதை முதல் தடவை தெரிந்தவரோடு சேர்ந்து செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் முட்டெல்லாம் நொறுங்கும், இந்தக் கார் ஒன்றரை டன்.

கழற்றிய சுயமாக இறுகும் போல்ட்டுகளைப் புதுசாகப் போடுங்கள். வீல் போல்ட் 110 நியூட்டன் மீட்டர். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள். முடிந்ததும் வண்டியை எடுக்கும் முன் மிதி கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் இரண்டு மிதி வெறுமையாகத்தான் போகும். என் நண்பர் ஒருவர் இதை மறந்து கேட்டில் போய் இடித்தார்.

மறுபடி வராமல் இருக்க?

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் முழுதாக மாற்றுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். மழைக்காலம் முடிந்ததும் நான்கு சக்கரமும் கழற்றித் தூசு உறையில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு தடவை இருபது நிமிடம் எடுத்து, நன்றாகப் பிரேக் அடித்து ஓட்டுங்கள். போர்ட்டிகோவில் என்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்து வைப்பதில் பிரேக்குக்கு ஒரு புண்ணியமும் இல்லை. வண்டி கழுவிய கையோடு நிறுத்தாமல், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி டிஸ்க்கைக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள். என் வீட்டில் இதற்கு "பென்ஸுக்கு வாக்கிங்" என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பால் வாங்கும் சாக்கில்.